தஞ்சாவூர் பாலசரஸ்வதி

தஞ்சாவூர் பாலசரஸ்வதி (மே 13, 1918 – பெப்ரவரி 9, 1984) தமிழ்நாட்டைச் சேர்ந்த புகழ்பெற்ற பரதநாட்டியக் கலைஞர் ஆவார். சுருக்கமாக பாலா என்றும் அழைக்கப்பட்டார். கை முத்திரைகளாலும் முகபாவத்தாலும் பாடலின் பொருளைப் புலப்படுத்தும் அபிநயக் கலையில், இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த கலைஞராக இவர் கருதப்படுகிறார். தலைமுறை தலைமுறையாக இசையையும் நடனத்தையும் தொழிலாகக் கொண்ட தேவதாசி மரபுக் குடும்பத்தில் பிறந்தவர். அம்மரபு சட்டத்தாலும் சமூகக் கருத்தாலும் முடிவுக்கு வந்துகொண்டிருந்த காலத்தில், அதன் அபிநய முறையை மேடையிலும் வகுப்பறையிலும் காத்து அடுத்த தலைமுறைக்கு அளித்தார். 1977 ஆம் ஆண்டு இந்திய அரசின் பத்ம விபூசண் விருதைப் பெற்றார்.

குடும்பப் பின்னணி

பாலசரஸ்வதி சென்னையில் பிறந்தார். இவருடைய முன்னோரான பாப்பம்மாள் பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சாவூர் அரசவையில் இசை, நடனக் கலைஞராக விளங்கியவர். பாப்பம்மாளின் வழிவந்த குடும்பம் பின்னர் சென்னைக்குக் குடிபெயர்ந்தது. ஊரின் பெயர் மட்டும் குடும்பப் பெயரின் முன்னொட்டாக நிலைத்தது.

இவருடைய பாட்டி வீணை தனம்மாள் (1867–1938) கருநாடக இசையின் மிகச் சிறந்த வீணைக் கலைஞர்களுள் ஒருவர். சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்த தனம்மாளின் வீடு அக்காலத்து இசைவாணர்களும் சுவைஞர்களும் கூடும் இடமாக இருந்தது. தாயார் ஜெயம்மாள் (1890–1967) சிறந்த பாடகி. புல்லாங்குழல் கலைஞர் த. விசுவநாதன் (1927–2002), மிருதங்கக் கலைஞர் த. இரங்கநாதன் (1925–1987) ஆகியோர் இவருடைய தம்பியர். புகழ்பெற்ற பாடகியரான பிருந்தா, முக்தா சகோதரிகள் இவருடைய பெரியதாய், சிறியதாய் வழி உறவினர் ஆவர்.

தனம்மாள் குடும்பம் பதங்களுக்கும் ஜாவளிகளுக்கும் பெயர் பெற்றது. சேத்திரக்ஞரின் தெலுங்குப் பதங்கள், முத்துத்தாண்டவர், கனம் கிருஷ்ணையர் முதலியோரின் தமிழ்ப் பதங்கள், தர்மபுரி சுப்பராயரின் ஜாவளிகள் ஆகியவை அக்குடும்பத்தில் வாய்வழியாகக் கற்பிக்கப்பட்டன. பாலசரஸ்வதி நடனம் பயிலத் தொடங்கும் முன்பே இப்பாடல்களைக் கேட்டு வளர்ந்தார். இவருடைய அபிநயத்தின் அடித்தளம் இந்த இசைச் செல்வமே எனலாம்.

நாட்டியப் பயிற்சி

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் நடனத் தொண்டு புரிந்த கௌரி அம்மாளின் ஆட்டத்தைக் கண்டு, சிறுமியாக இருந்தபோதே பாலசரஸ்வதிக்கு நடனத்தில் பேரார்வம் உண்டாயிற்று. அக்காலத்தில் நடனத் தொழிலுக்குச் சமூகத்தில் மதிப்புக் குறைந்து வந்தது. ஆயினும் தாயார் ஜெயம்மாள் மகளை நடனம் பயில அனுமதித்தார்.

நட்டுவனார் கந்தப்ப பிள்ளையிடம் இவர் முறையாகப் பயின்றார். கந்தப்ப பிள்ளை, தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோரின் வழிவந்தவர். இன்று மேடையில் ஆடப்படும் அலாரிப்பு முதல் தில்லானா வரையிலான நிகழ்ச்சி முறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒழுங்குபடுத்தியவர்கள் தஞ்சை நால்வரே என்பது குறிப்பிடத்தக்கது. கந்தப்ப பிள்ளை மிகவும் கண்டிப்பான ஆசிரியர். அடவுகளிலும் தாளத்திலும் சிறு பிழையையும் அவர் பொறுத்துக்கொள்ளமாட்டார்.

அபிநயத்தை இவர் ஒருவரிடம் மட்டும் கற்கவில்லை. கௌரி அம்மாளிடம் பதங்களுக்கான அபிநயத்தைக் கற்றார். சின்னையா நாயுடுவிடமும், குச்சிப்புடி மரபைச் சேர்ந்த வேதாந்தம் லட்சுமிநாராயண சாத்திரியிடமும் பயின்றார். ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடும்போது, ஒவ்வொரு முறையும் புதிய கைகளால் பொருள் விரிக்கும் கற்பனைத் திறன் லட்சுமிநாராயண சாத்திரியின் பயிற்சியால் இவரிடம் வளர்ந்தது.

அரங்கேற்றமும் தொடக்ககால நிகழ்ச்சிகளும்

பாலசரஸ்வதியின் அரங்கேற்றம் 1925 ஆம் ஆண்டு காஞ்சிபுரத்தில் அம்மனாட்சி அம்மன் கோயிலில் நடைபெற்றது. அப்போது இவருக்கு வயது ஏழு. 1933 ஆம் ஆண்டு சென்னை சங்கீத வித்வத் சபையில் ஆடினார். 1934 ஆம் ஆண்டு கல்கத்தாவில் ஆடியதன் மூலம், இந்த நடன மரபைத் தென்னிந்தியாவுக்கு வெளியே மேடையேற்றிய முதல் கலைஞர் என்ற பெருமையைப் பெற்றார். நடனக் கலைஞர் உதயசங்கர் இவருடைய ஆட்டத்தைப் பெரிதும் மதித்தார். பின்னர் உதயசங்கர் அல்மோராவில் நிறுவிய கலை மையத்தில் கந்தப்ப பிள்ளை ஆசிரியராகப் பணியாற்றினார்.

தேவதாசி ஒழிப்பும் நாட்டியத்தின் நிலையும்

பாலசரஸ்வதியின் இளமைக் காலம் சதிர் என்று வழங்கிய இந்நடனத்தின் நெருக்கடிக் காலமாகும். கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்றத்திலும் வெளியிலும் இயக்கம் நடத்தினார். சிறுமிகளின் விருப்பத்தைக் கேளாது அவர்களுடைய வாழ்வை முடிவு செய்த வழக்கத்துக்கு எதிரான அந்த இயக்கத்தில் நியாயம் இருந்தது. ஆனால் பொது வெளியில் நடனமே இழிவானது என்ற கருத்தும் அதனுடன் சேர்ந்து பரவியது.

மறுபுறம், வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயர் நடனத்தைக் கலையாகக் காக்க வேண்டும் என்று வாதிட்டார். 1932 ஆம் ஆண்டின் இறுதியில் இருவருக்கும் இடையே நாளிதழ்களில் விவாதம் நடைபெற்றது. 1931 ஆம் ஆண்டு கல்யாணி அம்மாளின் மகளிர் இருவரின் நடனத்தை அரங்கேற்றிய சங்கீத வித்வத் சபை, தொடர்ந்து மரபுவழிக் கலைஞர்களுக்கு மேடை அளித்தது. பரதநாட்டியம் என்னும் பெயர் இக்காலத்திலேயே பரவலானது. 1935 ஆம் ஆண்டு இறுதியில் ருக்மிணி தேவி அருண்டேல் அடையாற்றில் முதன்முறையாக மேடையேறினார். அதன்பின் பிற குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள் பெருமளவில் இக்கலையைக் கற்க முன்வந்தனர்.

1947 ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. கலைக்கு மதிப்பு உயர்ந்த அதே காலத்தில், அதைக் காலங்காலமாகக் காத்துவந்த குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள் மேடையிலிருந்து விலகினர். பலர் தம் மகளிருக்கு நடனம் கற்பிப்பதையே நிறுத்திவிட்டனர். அம்மரபிலிருந்து வந்து, சட்டத்துக்குப் பின்னரும் முன்னணிக் கலைஞராகத் தொடர்ந்த மிகச் சிலருள் பாலசரஸ்வதி ஒருவர்.

தளர்ச்சிக் காலமும் நாட்டியப் பள்ளியும்

1940களில் பாலசரஸ்வதியின் நிகழ்ச்சிகள் குறைந்தன. கந்தப்ப பிள்ளையின் மறைவு, உடல்நலக் குறைவு, மாறிவந்த சமூகச் சூழல் ஆகியவை இதற்குக் காரணங்களாகும். இக்காலத்தில் காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளை இவருக்கு நட்டுவாங்கம் செய்தார். பின்னர் கந்தப்ப பிள்ளையின் மகன் கணேசன் அப்பொறுப்பை ஏற்றார்.

இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர். கே. சண்முகம் செட்டியார் இவருடைய வாழ்க்கைத் துணைவர். இவர்களுடைய மகள் லட்சுமி 1943 ஆம் ஆண்டு பிறந்தார்.

சமசுக்கிருத அறிஞர் வே. இராகவன் பாலசரஸ்வதியின் கலையின் அருமையை நன்கு உணர்ந்தவர். அவருடைய முயற்சியால் 1953 ஆம் ஆண்டு சங்கீத வித்வத் சபையின் ஆதரவில் நாட்டியப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டு, பாலசரஸ்வதியின் பொறுப்பில் இயங்கியது. பாலசரஸ்வதியும் இராகவனும் இணைந்து எழுதிய பரதநாட்டியம் என்னும் தமிழ் நூல் 1959 ஆம் ஆண்டு வெளிவந்தது. மரபுவழிக் கலைஞர் ஒருவரின் செயல்முறை அறிவும் நூல்வழி ஆய்வும் ஒன்றிணைந்த நூல் என்ற வகையில் இது சிறப்பிடம் பெறுகிறது.

அபிநயமும் கை முத்திரைகளும்

முத்திரைகளின் மரபு

இந்திய நடன நூல்கள் அபிநயத்தை உடலால் காட்டும் ஆங்கிகம், சொல்லாலும் பாட்டாலும் அமையும் வாசிகம், ஒப்பனையாலும் அணிகளாலும் அமையும் ஆகாரியம், உள்ளத்து உணர்வால் தோன்றும் சாத்துவிகம் என நான்காக வகுக்கின்றன. கை முத்திரைகள் ஆங்கிகத்தின் முதன்மையான கூறாகும். நந்திகேசுவரரின் அபிநய தர்ப்பணம் ஒற்றைக் கை முத்திரைகள் 28 என்று தொகுத்து, ஒவ்வொன்றும் எவ்வெப்பொருளில் பயன்படும் என்பதையும் பட்டியலிடுகிறது. எடுத்துக்காட்டாக, விரல்களை நீட்டிப் பெருவிரலை மடக்கும் பதாகை முத்திரை மேகம், காடு, ஆறு, காற்று, விலக்குதல் முதலிய பல பொருள்களைக் காட்ட உதவும்.

தமிழ் மரபிலும் இதற்கு இணையான வகுப்பு முறை உண்டு. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதைக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், ஒற்றைக் கையைப் பிண்டி என்றும் இரட்டைக் கையைப் பிணையல் என்றும் வழங்கும் மரபை விளக்குகிறார். ஒற்றைக் கைகள் 33, இரட்டைக் கைகள் 15 என்பது அவர் தரும் கணக்கு. அழகுக்காக அமைவது எழிற்கை, தொழிலைக் காட்டுவது தொழிற்கை, பொருளைக் காட்டுவது பொருட்கை என்ற பாகுபாடும் அவ்வுரையில் இடம்பெறுகிறது.

பாலசரஸ்வதியின் முறை

பாலசரஸ்வதி முத்திரைகளை எழுத்துகளைப் போன்றவையாகக் கையாண்டார். எழுத்துகளை அறிந்திருப்பது மட்டும் கவிதை ஆகாததைப் போல, முத்திரைகளைப் பிழையின்றிப் பிடிப்பது மட்டும் அபிநயம் ஆகாது. பாடலின் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு முத்திரை எனக் கோத்துக் காட்டுவது தொடக்கநிலைப் பயிற்சியே. அதன் பின்னர், அச்சொற்களைச் சொல்லும் தலைவியின் மனநிலையைக் காட்டுவதே கலைஞரின் பணி.

பதம் மிக மெதுவான காலப்பிரமாணத்தில் பாடப்படுவது. அதன் ஓர் அடி பல முறை திரும்பத் திரும்பப் பாடப்படும். பாலசரஸ்வதி முதல் முறை அவ்வடியின் நேர்ப்பொருளைக் காட்டுவார். அடுத்தடுத்த முறைகளில் அதே அடிக்கு நினைவு, ஏக்கம், ஊடல், ஏளனம், தன்னிரக்கம் எனப் பல்வேறு உணர்வுகளை ஏற்றிக் காட்டுவார். அழைக்கும் கை ஒன்றாகவே இருக்கும். ஆனால் அது நீளும் விரைவு, மணிக்கட்டு தளரும் அளவு, பார்வை செல்லும் திசை ஆகியவற்றால் அது கட்டளையாகவும் கெஞ்சலாகவும் நம்பிக்கை இழந்த அழைப்பாகவும் மாறும். இவ்விரிவுகளுள் பல முன்கூட்டியே திட்டமிடப்படாமல் மேடையிலேயே உருவானவை.

வியாசராயர் கன்னடத்தில் இயற்றிய கிருஷ்ணா நீ பேகனே பாரோ என்னும் பாடலுக்கு இவர் செய்த அபிநயம் இம்முறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். கண்ணனை விரைந்து வரும்படி அழைப்பதே அப்பாடலின் பொருள். அவ்வழைப்பைத் தாய் குழந்தையைக் கொஞ்சி அழைப்பதாகவும், கண்டிப்பதாகவும், ஆசை காட்டி இணங்க வைப்பதாகவும் விரித்துக் காட்டினார். உலகெங்கும் இவர் பெயருடன் இணைத்து நினைக்கப்படும் பாடல் இதுவே.

இவருடைய கைகள் அளவுக்கு மீறி விரிவதில்லை. முத்திரையின் வடிவத்தைச் சிலைபோல் நிறுத்திக் காட்டுவதைவிட, ஒரு முத்திரையிலிருந்து மற்றொன்றுக்கு இசையின் ஓட்டத்தோடு செல்வதில் இவர் கவனம் செலுத்தினார். நடுத்தர வயதில் உடல் பருத்து, ஒப்பனையும் எளிமையாக இருந்த நிலையிலும், சிறுமியாகவும் தாயாகவும் காதலியாகவும் இவர் மாறியதை அவையோர் ஏற்றுக்கொண்டதற்கு இவ்வியல்பான முறையே காரணம் எனலாம்.

பாடிக்கொண்டே அபிநயித்தல்

மரபுவழி ஆடற்பெண்கள் தாமே பாடிக்கொண்டு அபிநயம் செய்வது வழக்கம். புதிய மேடை முறையில் பாடகர் தனியாக அமர்ந்து பாடும் வழக்கம் நிலைபெற்றதால் இது அருகிப் போயிற்று. பாலசரஸ்வதி இவ்வழக்கத்தைக் கைவிடவில்லை. இவர் நல்ல குரல்வளமும் இசைப்புலமையும் உடையவர். நிகழ்ச்சிகளில் தாயார் ஜெயம்மாள் பாடியபோதும், தாமும் உடன் பாடியே அபிநயித்தார்.

இது இவருக்கு வெறும் பழைய வழக்கம் அன்று. இராகத்தின் ஒரு சுரத்தை எவ்வளவு நேரம் நீட்டுவது, எங்கே அசைப்பது என்பதைக் குரல் முடிவு செய்யும்போது, கையும் அதே அளவில் நீளவும் அசையவும் செய்கிறது. இசையும் நடனமும் இரண்டு கலைகள் அல்ல, ஒன்றே என்பது இவருடைய உறுதியான கருத்து. ஆகவே மாணவியர் பாடலைப் பாடக் கற்ற பின்னரே அதற்கு அபிநயம் கற்க வேண்டும் என்று வற்புறுத்தினார்.

சிருங்காரம் பற்றிய கருத்து

நாட்டிய மறுமலர்ச்சிக் காலத்தில், காதல் உணர்வை வெளிப்படையாகக் காட்டும் பதங்களும் ஜாவளிகளும் மேடைக்குப் பொருந்தாதவை என்ற கருத்து எழுந்தது. ருக்மிணி தேவி அத்தகைய பாடல்கள் சிலவற்றைத் தவிர்த்து, பக்தி உணர்வுக்கு முதலிடம் அளித்தார். நடனத்துக்குப் புதிய மக்களிடையே மதிப்பை ஏற்படுத்த அவருடைய அணுகுமுறை உதவியது.

பாலசரஸ்வதி இதனை ஏற்கவில்லை. சிருங்காரமே உணர்வுகளுள் மிக விரிவானது என்றும், மனித உணர்வின் நுட்பங்கள் அனைத்தையும் காட்ட அதுவே இடம் தருகிறது என்றும் கருதினார். தலைவி தலைவனை நாடுவதும் உயிர் இறைவனை நாடுவதும் வேறு வேறு அல்ல. எனவே சிருங்காரத்தைத் தூய்மைப்படுத்த வேண்டிய தேவையே இல்லை என்பது இவருடைய நிலைப்பாடு. கலையில் களங்கம் இல்லை, அதனைத் தூய்மைப்படுத்த முயல்வோரின் பார்வையிலேயே குறை உள்ளது என்று இவர் எண்ணினார். இக்கருத்து வேறுபாட்டில் அடங்கியிருந்தது பாடல் தேர்வு மட்டும் அன்று. தலைமுறைகளாக இக்கலையைக் காத்த பெண்களின் மதிப்பும் அதில் அடங்கியிருந்தது. இவர் தம் மரபை மறைக்காமலும், அதற்காக நாணாமலும் மேடையேறினார். மயிலாப்பூர் கௌரி அம்மாள் இவருக்கும் ருக்மிணி தேவிக்கும் ஆசிரியராக இருந்தவர் என்பது இங்கு நோக்கத்தக்கது.

1975 ஆம் ஆண்டு சென்னைத் தமிழிசைச் சங்க விழாவில் ஆற்றிய உரையில், நாட்டிய நிகழ்ச்சி முறையைக் கோயில் அமைப்புடன் ஒப்பிட்டு விளக்கினார். அலாரிப்பைக் கோபுரமாகவும், சதிசுவரம், சப்தம் ஆகியவற்றைக் கோயிலின் மண்டபங்களாகவும், வர்ணத்தை இறைவனின் திருமுன்னுக்குச் செல்லும் நிலையாகவும் உருவகித்தார். பதங்களின் அமைதியைக் கருவறையின் அமைதிக்கு ஒப்பிட்டார். இதன்வழி, சிலர் விலக்க நினைத்த பதங்களுக்கே இவர் மிக உயர்ந்த இடத்தை அளித்தார்.

வெளிநாடுகளில்

1961 ஆம் ஆண்டு தோக்கியோவில் நடைபெற்ற கிழக்கு மேற்கு இசைச் சந்திப்பில் பாலசரஸ்வதி ஆடினார். இதுவே இவருடைய முதல் வெளிநாட்டு நிகழ்ச்சியாகும். 1962 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் பயணம் செய்து, புகழ்பெற்ற ஜேக்கப்ஸ் பில்லோ நடன விழாவில் ஆடினார். 1963 ஆம் ஆண்டு எடின்பரோ விழாவில் பங்கேற்றார். தெலுங்கோ தமிழோ கன்னடமோ அறியாத அவையோரும் இவருடைய அபிநயத்தில் ஈடுபட்டனர். சொல்லின் பொருள் தெரியாத இடத்திலும் கையும் முகமும் இசையும் சேர்ந்து உணர்வைக் கொண்டு செல்லும் என்பதை இந்நிகழ்ச்சிகள் காட்டின.

வெசுலியன் பல்கலைக்கழகம், கலிபோர்னியா கலைக் கழகம், மில்ஸ் கல்லூரி, வாசிங்டன் பல்கலைக்கழகம் ஆகிய இடங்களில் பல முறை கற்பித்தார். தம்பியர் விசுவநாதனும் இரங்கநாதனும் அமெரிக்காவில் இசை கற்பித்து வந்தமையால், குடும்பத்தின் இசையும் நடனமும் ஒருங்கே அங்கு கற்பிக்கப்பட்டன.

ஆவணப்படம்

திரைப்பட இயக்குநர் சத்யஜித் ராய் 1976 ஆம் ஆண்டு இவரைப் பற்றி பாலா என்னும் ஆவணப்படத்தை இயக்கினார். தமிழ்நாடு அரசும் மும்பையிலுள்ள தேசிய நிகழ்த்துகலை மையமும் இணைந்து இதனைத் தயாரித்தன. ராய் சிறுவனாக இருந்தபோதே கல்கத்தாவில் பாலசரஸ்வதியின் ஆட்டத்தைக் கண்டவர். படமெடுத்தபோது பாலசரஸ்வதிக்கு வயது 58. கடற்கரையில் காற்றுக்கிடையே கிருஷ்ணா நீ பேகனே பாரோ பாடலுக்கு இவர் அபிநயிக்கும் காட்சி இதில் இடம்பெற்றுள்ளது. இவருடைய உச்சகால ஆட்டம் மிகக் குறைவாகவே படமாக்கப்பட்டுள்ளதால், இவ்வாவணப்படம் நடன மாணவர்களுக்கு அரிய சான்றாக விளங்குகிறது.

விருதுகளும் சிறப்புகளும்

1955 – சங்கீத நாடக அகாதமி விருது
1957 – பத்ம பூசண் விருது
1973 – சங்கீத கலாநிதி விருது, சென்னை சங்கீத வித்வத் சபை
1975 – இசைப்பேரறிஞர் விருது, தமிழிசைச் சங்கம்
1977 – பத்ம விபூசண் விருது

சங்கீத கலாநிதி இசைக் கலைஞர்களுக்கு வழங்கப்படும் விருதாகும். நடனக் கலைஞர் ஒருவருக்கு அது வழங்கப்பட்டது, இவருடைய இசைப்புலமைக்குக் கிடைத்த ஏற்பாகக் கருதப்படுகிறது.

மறைவும் மரபுத் தொடர்ச்சியும்

பாலசரஸ்வதி 1984 ஆம் ஆண்டு பெப்ரவரி 9 ஆம் நாள் சென்னையில் காலமானார். மகள் லட்சுமி நைட் (1943–2001) தாயின் மரபில் ஆடியும் கற்பித்தும் வந்தார். லட்சுமியின் மகன் அனிருத்தா நைட்டும் இதே மரபில் ஆடி வருபவர். இராகவனின் மகளிரான பிரியம்வதா, நந்தினி ரமணி ஆகியோர் பாலசரஸ்வதியின் மாணவியருள் குறிப்பிடத்தக்கவர்கள். இவருடைய மருமகன் டக்ளஸ் நைட் எழுதிய விரிவான வாழ்க்கை வரலாற்று நூல் 2010 ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளிவந்தது.

கை முத்திரைகளின் பெயர்களும் பயன்பாடுகளும் நூல்களில் உள்ளன. அவற்றை எவரும் கற்கலாம். ஒரு பதத்தின் ஓர் அடிக்கு அக்கைகள் எவ்வாறு உயிர் பெறுகின்றன என்பது நூலில் எழுதி வைக்க இயலாதது. பாடிக் காட்டியும் ஆடிக் காட்டியும் மட்டுமே கைமாறுவது. அவ்வாறு கைமாறிய தொடர் அறுந்துவிடும் நிலையில் இருந்தபோது, அதனை அடுத்த தலைமுறையிடம் சேர்த்தது பாலசரஸ்வதியின் தலையாய பங்களிப்பாகும்.